வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது?

“கண் எரியுது, பின்னேரமானால் தலையிடி, எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது.” எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வருபவர்கள் வழக்கைப் பற்றிப் பேசி முடித்து, எழும்பிப் போகிற நேரத்தில் கதவடியில் நின்று சொல்கிற முறைப்பாடு இது. ஏன் என்று கேட்டால் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “யோசினைதான், வேறென்ன.” யோசனை இருக்கத்தான் செய்யும். வழக்கு எப்போது முடியும் என்று தெரியாது, வீட்டார் தூரத்தில், நித்திரையும் ஒழுங்கில்லை. ஆனால் எல்லாத் தலையிடியையும் யோசனையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சில தலையிடிகள் கதிரையை ஒரு பக்கம் திருப்பிப் போட்டாலே குறையும். சிலவற்றுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போதும். அந்தக் கண்ணாடி பிரித்தானியாவில் தஞ்சம் கோரியிருக்கும் உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கக்கூடியது என்பதும் பலருக்குத் தெரியாது.

இந்த இதழின் பாடம் வேலை செய்யும் இடத்து வெளிச்சம் பற்றியது. “எங்களுக்கு வேலை செய்யவே அனுமதி இல்லை, பிறகென்ன அலுவலக வெளிச்சம்?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் உங்களுக்கு இப்போதே ஒரு அலுவலகம் இருக்கிறது. அது நீங்கள் தங்கியிருக்கும் அறைதான். ஹோம் ஒபிஸ் அனுப்பும் கடிதங்களை வாசிப்பது அங்கே. கேள்விக்கொத்தை நிரப்புவது அங்கே. சொலிசிட்டர் எழுதிய வாக்குமூலத்தைச் சரிபார்ப்பது, ஆங்கில வகுப்பின் வீட்டுப்பாடம் செய்வது, ஊருக்குப் போன் பேசுவது எல்லாம் அங்கேதான். தொண்டு நிறுவனங்களில் தொண்டராக வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு என்பதால் சிலர் ஏற்கெனவே கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால் கடை, களஞ்சியம், அலுவலகம் என்று எங்கே போனாலும் இந்தப் பாடம் கூட வரும்.

முதலில் ஒரு பழைய பயத்தைத் தீர்த்துவிடுவோம். மங்கல் வெளிச்சத்தில் வாசித்தால் கண் பழுதாகிவிடும் என்று அம்மாமார் ஏசுவார்கள். 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையே இருக்கிறது. அந்த விளக்கு யாருடைய கண்ணையும் குருடாக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு மங்கல் வெளிச்சம் கண்ணை நிரந்தரமாகப் பழுதாக்குவதில்லை. ஆனால் களைக்க வைக்கும். கண்ணின் தசைகள் கூடுதலாக வேலை செய்கின்றன, முகம் சுருங்குகிறது, கடதாசியைத் தேடிக் கழுத்து முன்னுக்கு வளைகிறது. ஒரு மணித்தியாலத்தில் தலையிடியும் கழுத்து நோவும் சேர்ந்து வந்துவிடும். களைத்த கண்ணோடு வாசிக்கிறவர் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார். சாதாரண புத்தகத்தில் அது பெரிய விஷயமில்லை. வாக்குமூலத்தில் 2008 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2006 என்று இருந்து, அதைக் கவனிக்காமல் கையெழுத்து வைத்தால், பிறகு “அன்றைக்கு ஒன்று சொன்னீர், இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்” என்று கேட்பார்கள். எழுத்து தெளிவாகத் தெரியாத இடத்தில் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். “கண் சரியாகத் தெரியவில்லை, வாசித்துக் காட்டுங்கள்” என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கூடின வெளிச்சமும் கூடாத வெளிச்சமும்

எங்கள் ஆட்கள் பலர் வெளிச்சம் என்றால் “கூட இருந்தால் நல்லது” என்று மட்டும் நினைக்கிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் அளவில் இல்லை, திசையில் இருக்கிறது.

கண்ணின் மணி, யன்னல் சீலை போல, வெளிச்சத்துக்கு ஏற்ப ஒடுங்கி விரியும். நீங்கள் யன்னலைப் பார்த்தபடி இருந்து மடிக்கணினியில் வாசித்தால் கண்ணுக்கு முன்னால் இரண்டு வெளிச்சங்கள் இருக்கும். வெளியே வானம் பளீர் என்று இருக்கிறது, திரை அதைவிட மங்கல். கண்மணி வானத்துக்காக ஒடுங்கும், திரைக்காக விரியப் பார்க்கும். இந்த இழுபறிதான் களைப்பு. யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வேறு வில்லங்கம். வானம் திரையில் விழுந்து கண்ணாடி போல மின்னும், எழுத்து அதற்குள் மறைந்துவிடும். ஆகவே யன்னல் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மேசையை யன்னலுக்கு நேராகப் போடாமல், குறுக்காகப் போடுங்கள். காசு செலவில்லாத, எல்லாவற்றிலும் பெரிய திருத்தம் இதுதான்.

சரி, அறையில் மேசையே இல்லை, கட்டிலில் இருந்துதான் எல்லாம் என்றால்? கட்டிலில் இருக்கும் பக்கத்தை மாற்றுங்கள். தலைமாட்டில் யன்னல் இருந்தால் கால்மாட்டில் முதுகைச் சாய்க்காமல், நீளப் பக்கச் சுவரில் சாய்ந்து இருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்.

அடுத்தது முகட்டில் தொங்கும் ஒற்றை பல்ப். ஹொஸ்டல் அறைகளில் அது அநேகமாக நடு அறையில் இருக்கும், கட்டிலோ சுவர் ஓரத்தில். நீங்கள் பல்புக்கு முதுகு காட்டி இருந்தால் உங்கள் தலையின் நிழலே கடதாசியில் விழும். பல்பைப் பார்த்தபடி இருந்தால் அது கண்ணில் குத்தும். எது உங்கள் பிரச்சினை என்று கண்டுபிடிக்க இரண்டு சின்னச் சோதனைகள் உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போது, வெயிலில் தூரத்தைப் பார்க்கிறது போல உள்ளங்கையை நெற்றிக்கு மேல் வைத்து நிழல் பிடியுங்கள். கண்ணுக்கு உடனே ஒரு ஆறுதல் தெரிந்தால், மேலே இருக்கும் லைற் உங்கள் கண்ணில் படுகிறது என்று அர்த்தம். இருக்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரண்டாவது, எழுதும் கையின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எழுதுகிற இடத்திலேயே விழுந்தால் வெளிச்சம் தவறான பக்கத்தில் இருந்து வருகிறது. வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம்.

ஒரு சின்ன மேசை விளக்கு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் சில பவுண்களுக்குக் கிடைக்கும். மின்சாரச் சோதனை செய்த லேபல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் பல்ப் கண்ணுக்கு நேரே தெரியாமல் மூடி இருக்க வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. விளக்கின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் கடதாசியில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே பெரிய பல்ப் தேடி அலைய வேண்டியதில்லை, சின்ன விளக்கைக் கிட்டக் கொண்டு வந்தால் போதும்.

பல்ப் வாங்கும்போது வாட் கணக்கை விட்டுவிட்டு, பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் கணக்கைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமன். இப்போதைய எல்.ஈ.டி. பல்ப் 8 அல்லது 9 வாட்டில் அதே வெளிச்சத்தைத் தரும். 2700 கே என்று எழுதியிருந்தால் மஞ்சள் வெளிச்சம், 4000 கே வெள்ளை, 6500 கே நீலம் கலந்த வெள்ளை. படிக்க 4000 வசதி, படுக்கிற நேரத்துக்கு மஞ்சள். பழைய விளக்கின் மூடியில் எழுதியிருக்கும் வாட்டுக்கு மேல் போட வேண்டாம். விளக்கின் மேல் துணி போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. நெருப்புப் பிடிக்கும், செய்ய வேண்டாம். கூரையில் பொருத்தியிருக்கும் லைற்றை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம். ஹோம் ஒபிஸ் தந்த இடத்தில் லைற் எரியாவிட்டால், சிமிட்டினால், மாடிப்படி இருட்டாக இருந்தால் மைக்ரன்ட் ஹெல்ப் நிறுவனத்தின் இலவச இலக்கமான 0808 8010 503க்கு எடுத்து முறையிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். முறையிட்ட நாளையும், அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்து வையுங்கள். முறையிட்டால் வழக்குக்குப் பாதிப்பு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். இருட்டுப் படியைப் பற்றிச் சொல்வதற்கும் உங்கள் தஞ்சக் கோரிக்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சிமிட்டும் லைற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய குழல் விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மின்னும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூளைக்குத் தெரியும். ஆர்னோல்ட் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இங்கிலாந்தில் ஒரு அலுவலகத்தில் சோதித்து 1989 இல் எழுதினார்கள். குழல் விளக்குகளுக்குச் சிமிட்டாத புது மின்கருவியைப் பொருத்தியபோது, அங்கே வேலை செய்தவர்களின் தலையிடியும் கண் களைப்பும் பாதிக்கு மேல் குறைந்தன. ஆகவே “இந்த லைற்றுக்குக் கீழே இருந்தால் எனக்குத் தலையிடிக்குது” என்று யாராவது சொன்னால் அது நடிப்பில்லை. மலிவான சில எல்.ஈ.டி. பல்புகளும் சிமிட்டும். கைத்தொலைபேசியின் கமராவை அதன் பக்கம் பிடித்துப் பாருங்கள், திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் பல்ப் சிமிட்டுகிறது.

திரைக்கு முன்னால்

இரவில் அறைத் தோழர் நித்திரை. லைற்றை நூர்த்துவிட்டு, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தி பார்க்கிறோம். அறை இருட்டு, கையில் மட்டும் ஒரு வெளிச்சப் பெட்டி. கண்ணுக்கு இதைவிடக் கரைச்சலான ஏற்பாடு இல்லை. போனைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அம்மாவின் குரல் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு சின்ன விளக்கு எரியட்டும், திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். ஒரு வெள்ளைக் கடதாசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடதாசியைவிடத் திரை விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சம் கூட, கடதாசியைவிட மங்கலாக இருந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குவதற்கும் போனிலேயே வழி இருக்கிறது, பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

திரையைப் பார்க்கும்போது நாங்கள் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் காயும், எரியும், பிறகு தானாகக் கண்ணீர் ஓடும். அறையின் ஹீட்டர் காற்றும் சேர்ந்தால் இன்னும் காயும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள் என்று கண் வைத்தியர்கள் சொல்வார்கள். யன்னலால் எதிர் வீட்டுப் புகைக்கூட்டைப் பார்த்தாலும் போதும். கொம்பியூட்டர் திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடைகளில் கூடுதல் காசு கேட்பார்கள். 2023 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கொம்பியூட்டரால் வரும் கண் களைப்பை, குறுகிய காலத்திலாவது, அந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை. உங்கள் வாரக் காசில் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குளிர்காலத்துக்கு ஒரு குறிப்பு. ஊரில் டிசெம்பரிலும் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணித்தியாலம். லண்டனில் டிசெம்பர் 21ஆம் திகதி அளவில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும், பின்னேரம் நான்கு மணிக்கு முன்னமே மறைந்துவிடும். ஸ்கொட்லாந்தில் இன்னும் குறைவு. முதல் குளிர்காலத்தில் உடம்பும் மனமும் சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். மப்பு வானமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அறை லைற்றைவிடப் பல மடங்கு கூட. காலையில் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வாருங்கள், இரவு நித்திரைக்கும் அது உதவும். யன்னலுக்குள் இருந்து வெயில் காய்ந்தால் விற்றமின் டி கிடைக்காது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுப்பு, மண்ணிறத் தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்லி என்.எச்.எஸ். அறிவுரை தருகிறது. பிள்ளைகள் உள்ளவர்கள் அவர்களைப் பகலில் வெளியே விளையாட விடுங்கள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு.

வெளிச்சத்தைத் திருத்தியும் தெரியாவிட்டால்

பயணத்தில் கண்ணாடி உடைந்து, அதற்குப் பிறகு புதிது வாங்காமலே இருப்பவர்கள் கனபேர். நாற்பது வயதைத் தாண்டி, கடதாசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிப்பவர்கள் இன்னொரு கூட்டம். அது வெள்ளெழுத்து, எல்லோருக்கும் வருவது. வயது போகப் போகக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறையும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. ஆகவே ஐயா “லைற்றைப் போடு” என்று கேட்டால், “எனக்குத் தெரியுதே” என்று அறைத் தம்பி சொல்வது நியாயமில்லை.

கண் பரிசோதனைக்குக் காசு வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். ஹோம் ஒபிஸின் உதவியில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் தபாலில் வரும். சிலர் அதை மருந்துக்கு மட்டும் என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள். அதே கடதாசியில் கண் பரிசோதனையும் இலவசம், கண்ணாடி வாங்க வவுச்சரும் உண்டு. சான்றிதழில் முடிவுத் திகதி இருக்கும், அதைப் பாருங்கள். வந்து சேரவில்லை என்றால் மைக்ரன்ட் ஹெல்ப்பைக் கேளுங்கள். உதவிப் பணம் இல்லாமல் உறவினர் வீட்டில் இருப்பவர்கள் எச்.சி.1 என்ற விண்ணப்பத்தை நிரப்பிக் கேட்கலாம். இங்கிலாந்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ கிளோக்கோமாவோ உள்ளவர்கள், பெற்றோர் சகோதரருக்குக் கிளோக்கோமா இருக்கும் 40 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு எந்தச் சான்றிதழும் இல்லாமலே பரிசோதனை இலவசம். ஸ்கொட்லாந்தில் 2006 ஏப்ரல் தொடக்கம் எல்லோருக்கும் என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம்.

ஜி.பி.யிடம் போகத் தேவையில்லை, நேரே கடைத்தெருவில் இருக்கும் ஒப்டிசியனிடம் போகலாம். போனவுடன் கேட்க வேண்டியது, “டூ யூ அக்செப்ட் எச்.சி.2?” கண்ணாடிச் சட்டம் தெரிவு செய்ய முதல் கேட்க வேண்டியது, “விச் ஃப்ரேம்ஸ் ஆர் கவர்ட் பை த வவுச்சர்?” இதைக் கேட்காமல் அழகான சட்டத்தைக் கையில் எடுத்தால், மிச்சக் காசை நீங்கள் கட்ட வேண்டி வரும். பரிசோதனை முடிந்ததும் கண்ணாடியின் அளவு எழுதிய சீட்டை அவர்கள் உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும், அது சட்டம். அந்தக் கடையில்தான் கண்ணாடி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, வேறு கடைக்குக் கொண்டு போகலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனியுங்கள். உங்களுக்கென்று என்.எச்.எஸ். தனியாக ஒரு கண் படப் பரிசோதனை வைத்திருக்கிறது. ஒப்டிசியனின் பரிசோதனை வேறு, இது வேறு. அழைப்புக் கடிதம் ஜி.பி.யிடம் இருக்கும் முகவரிக்குத்தான் வரும். ஹோட்டலில் இருந்து வீட்டுக்கு, ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கடிதமோ பழைய இடத்தில் கிடக்கிறது. முகவரி மாறினால் சொலிசிட்டருக்கும் ஹோம் ஒபிஸுக்கும் சொல்வது போல ஜி.பி.க்கும் சொல்லுங்கள்.

திடீரென்று ஒரு கண்ணின் பார்வை போனால், கண்ணுக்கு முன்னால் மின்னல் வெட்டினாற்போலவும் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகவும் தெரிந்தால், ஒரு பக்கத்தில் திரை விழுந்தது போல இருந்தால், கண் சிவந்து கடுமையாக வலித்து லைற்றைச் சுற்றி வளையங்கள் தெரிந்தால், அது மேசை விளக்கால் தீருகிற விஷயம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவான ஏ அன்ட் ஈக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 111க்கு எடுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

நேர்முக அறையில்

ஹோம் ஒபிஸ் நேர்காணலுக்குப் போகும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். அதிகாரிக்குப் பின்னால் பளீர் என்ற யன்னல் இருந்து அவரின் முகமே தெரியாவிட்டால், யன்னல் மறைப்பை இறக்கவோ கதிரையை மாற்றவோ கேட்கலாம். தடுப்பில் இருந்தபோது முகத்தில் லைற் அடித்து விசாரிக்கப்பட்டவர்களுக்கு, இருட்டில் அடைக்கப்பட்டவர்களுக்கு, அறையின் வெளிச்சமே பழையதைக் கிளப்பிவிடும். அது பலவீனம் இல்லை, உடம்பு மறக்காமல் வைத்திருக்கிறது. நேர்காணலுக்கு முன்னமே சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் எழுத்தில் அறிவிப்பார். அன்றைக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது என்றால் “லைற் கரைச்சல் தருகிறது, கொஞ்சம் நிறுத்த வேணும்” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லுங்கள். இடைவேளை கேட்கலாம். தலையிடி தாங்காமல் அவசரமாகப் பதில் சொல்லி முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வேலை என்று வரும்போது

அனுமதி இல்லாமல் வேலை செய்ய வேண்டாம் என்பதைத் திரும்பவும் சொல்லி வைக்கிறோம். அந்தஸ்து கிடைத்தவர்களும், ஹோம் ஒபிஸிடம் கேட்டு வேலை அனுமதி பெற்றவர்களும் அறிய வேண்டிய சட்டங்கள் இரண்டு. இரண்டும் 1992 இல் வந்தவை. ஒன்று, எந்த வேலைத்தளத்திலும் போதிய, பொருத்தமான வெளிச்சம் இருக்க வேண்டும், முடிந்த அளவுக்கு அது பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்கிறது. மற்றது கொம்பியூட்டர் திரையில் வேலை செய்பவர்களுக்கானது. நாளாந்தம், ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகத் திரையில் வேலை செய்யும் ஊழியர் கேட்டால், கண் பரிசோதனைக்கான செலவை முதலாளி ஏற்க வேண்டும். திரை வேலைக்கென்றே தனிக் கண்ணாடி தேவை என்று வந்தால் அந்தச் செலவும் அவருடையது. சாதாரணக் கண்ணாடிக்கு இது பொருந்தாது. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வேலைத்தளச் சுகாதாரத்தைக் கவனிக்கும் எச்.எஸ்.ஈ. நிறுவனத்தின் வழிகாட்டி, அலுவலக வேலைக்குச் சராசரியாகக் குறைந்தது 200 லக்ஸ் என்கிறது. தையல் போல நுணுக்கமான வேலைக்கு 500. ஆட்கள் நடந்து போகும் நடைபாதைக்கு 20. இது பாதுகாப்புக்கான அடிமட்டம். கண்ணுக்கு வசதியாக எழுத வாசிக்க 500 லக்ஸ் என்பதுதான் விளக்கமைப்புத் துறையின் தரம். கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. சரியான கணக்குச் சொல்லாவிட்டாலும் உங்கள் மேசையும் பக்கத்து மேசையும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும்.

எங்கள் ஆட்கள் முதலில் போகிற வேலைகள் வேறு மாதிரி. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை என்றால் உள்ளே பளீர், வெளியே இருட்டு, நடுவில் கண்ணாடி. வெளியே நிற்பவரின் முகம் தெரியாமல் உங்கள் முகமே கண்ணாடியில் தெரியும். காசாளர் மேசைக்கு மேல் இருக்கும் லைற்றை மட்டும் குறைக்கவோ கண்ணாடியில் விழாதபடி திருப்பவோ முடியுமா என்று கேளுங்கள், இது களவுப் பயத்துக்கும் நல்லது. இரவில் அலுவலகம் துப்புரவாக்குபவர்களுக்கு, ஆள் அசைந்தால் எரியும் லைற்றுகள் படியில் பாதி வழியில் நூர்ந்துவிடும். வாளியோடு இறங்கும்போது அது விழுத்தும். மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்வதோடு விடாமல், திகதி போட்டு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி வையுங்கள். திருத்தாவிட்டால் அலுவலகம், கடை என்றால் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில், தொழிற்சாலை என்றால் எச்.எஸ்.ஈ. விசாரிக்கும்.

எச்.சி.1 விண்ணப்பம் நிரப்ப உதவி தேவையானால், ஒப்டிசியனிடம் தமிழில் பேச ஒருவர் கூட வரவேண்டுமானால், நாள் குறிக்க முதலே எங்களிடம் சொல்லுங்கள். வரும்போது எச்.சி.2 சான்றிதழையும், உடைந்ததென்றாலும் பரவாயில்லை, பழைய கண்ணாடியையும் கொண்டு வாருங்கள்.